சாணுக்கு ஆயிரம்

தரகர் அடெல்மோ சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே
ஜூசாரா செருப்பைக் கழற்றிவிட்டாள்.
வெறுங்காலுக்குத்தான் தரை உண்மை பேசும் என்பாள்,
பதினாறு வருடம் ஆஸ்பத்திரி வராந்தா துடைத்தவள்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
"கடல்காற்று இலவசம்" என்றார் அடெல்மோ.
ஜன்னலில் ரெசிஃபேயின் தென்கோடிக் கடல்.
கரையில் சிவப்புப் பலகை:
சுறா உண்டு, இறங்காதே.
பார்க்க மட்டும் விற்கிறார்கள் என்று
வாய்வரை வந்தது, விழுங்கினேன்.

இந்த மாதிரிக் கட்டிடத்துக்கு
ஊரில் சவப்பெட்டி என்று பெயர்.
தூண் கிடையாது, உத்தரம் கிடையாது.
சுவர்மேல் சுவர், அதன்மேல் ஆள்.
சமையலறையைப் பெரிதாக்க ஒருவன் ஒரு சுவரை எடுத்தானாம்.
அவன் நின்ற இடம் இது என்று
பின்தெருவில் ஒரு காலிமனையைக் காட்டுவார்கள்,
ஆடுகள் மேயும்.
வங்கி இதற்குக் கடன் தராது.
அதனால்தான் விலை எங்கள் கைக்கு எட்டியது.

குழாயைத் திறந்து முகர்ந்தாள்.
எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.
கையெல்லாம் மரவள்ளி மாவோடு வந்த டோனா ஸூலெய்டேயிடம்
ஒரே கேள்வி:
"ஜூன் மழைக்கு எத்தனை படி?"
"நாலு. போன வருஷம் ஐந்து.
அன்றைக்கு ஒரு நண்டு எங்கள் வாசல்வரை ஏறிவந்தது,
தம்பி, நல்ல சதை."

பிறகுதான் கைப்பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்தாள்.
எங்கள் மகன் விளையாடி மறந்த பச்சைக் குண்டு.
கூடத்தின் நடு டைலில் வைத்து
விரலை எடுத்தாள்.

அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு அவசரமில்லாமல்
கடலைப் பார்த்து உருண்டது.

அடெல்மோ இருமினார்.
வீட்டுக்காரர் வால்டெமிர் கூரையை ஆராய்ந்தார்.
ஜூசாரா தரையில் குந்தி
சாண் சாணாக அளந்தாள். ஒன்பது சாண்.
"சாணுக்கு ஆயிரம் குறையுங்கள்."
"அம்மா, உலகமே உருண்டைதானே" என்றார் வால்டெமிர்.
"அப்படியானால் உலகத்துக்கும் விலை குறையட்டும்."

ஏழில் முடிந்தது.

நோட்டரி அலுவலகத்தில் மின்விசிறி
காகிதங்களை மட்டும் குறிவைத்துச் சுற்றியது.
குமாஸ்தா ஒரு வரைபடத்தை விரித்து
நீலக்கோடு ஒன்றைத் தொட்டார்:
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்றில்
பெரிய அலை இதுவரை வந்தது.
கோட்டுக்கு இந்தப் பக்கம் மண் அரசாங்கத்துடையது.
நீங்கள் வாங்குவது மண்ணின் மேலே இருப்பதை.
கைமாறினால் ஐந்து சதவீதம் கட்டவேண்டும்.

ஒரு சக்கரவர்த்தி முடியைக் கழற்றி வைத்துவிட்டுக்
கப்பலேறிய வருடம் அது, பள்ளியில் படித்திருக்கிறேன்.
அந்த வருடத்து ஈரத்துக்கு
மீன்சந்தைக்கு ஐஸ் வண்டி ஓட்டும் நான் ஏன் பணம் தரவேண்டும்?
அதை யார் தலையில் கட்டுவது என்று
வால்டெமிரும் நானும் மதியம்வரை கத்தினோம்.
பாதிப்பாதி என்று எழுதி முடித்தபோது
குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார்.

படியிறங்கும்போது கேட்டேன்:
"அந்த அலை திரும்பி வந்து வீட்டைக் கேட்டால்?"
"பத்திரத்தைக் காட்டலாம்" என்றாள்,
"அதற்குப் படிக்கத் தெரிந்தால்."

குடிவந்து ஐந்து மாதம்.
கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் மரத்துண்டு.
சுவரில் ஆணி அடிக்க எனக்கு அனுமதியில்லை.
மகனின் படம் நாற்காலியில் சாய்ந்து நிற்கிறது,
விருந்தாளி வந்தால் மடிக்கு மாறுகிறது.

ஒவ்வொரு முதல்தேதியும் விளக்கேற்றும் நேரத்தில்
அதே டைலில் அதே குண்டு.
ஜன்னல்சுவரில் முட்டும்வரை இருவரும் எண்ணுகிறோம்.
வந்த மாதம் ஐந்து.
நேற்று நான் நாலு என்றேன்.
அவள் நாலரை என்றாள்.

"அந்த அரை எங்கிருந்து வந்தது?"

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.
கரண்டியால் எடுத்து ஊதி, உப்புப் பார்த்தாள்.
"நீ வேகமாக எண்ணுகிறாய்" என்றாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
முதல் படிக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க
செருப்பில்லாமல் இறங்கிப் போனேன்.